கூட்டிக் கூட்டி ஓரிலக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து டியூஷன் நடக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருவார்கள். அப்பா வடுகபட்டியில் ஒரு பூண்டு மண்டியில் கணக்கெழுதியவர். அவருக்குப் பாடப்புத்தகக் கணக்கு பிடிக்காது, எனக்குப் பேரேடு பிடிக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போன ஒரே சங்கதி, ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஓரிலக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. அதைப் பற்றிப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும், மண்டிக்குச் சரக்கு ஏற்றுகிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை.

இலக்க மூலம் என்றால் என்ன?

ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு அதன் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். விடை இரண்டு இலக்கமாக வந்தால் அதையும் கூட்ட வேண்டும். ஓரிலக்கம் வரும் வரை விடக்கூடாது. கொடைக்கானலின் உயரம் 2133 மீட்டர் என்பார்கள். 2+1+3+3 = 9. ஒரே கூட்டலில் முடிந்தது. 8976 என்றால் 8+9+7+6 = 30, பிறகு 3+0 = 3. அந்த 3தான் 8976இன் இலக்க மூலம். வீட்டில் நாங்கள் சும்மா ‘கூட்டுத்தொகை’ என்போம். ஆனால் முதல் தடவை வரும் 30ஐயும் கூட்டுத்தொகை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. குழப்பம் வேண்டாம் என்று இங்கே ‘மூலம்’ என்றே எழுதுகிறேன்.

எத்தனை தடவை கூட்ட வேண்டியிருக்கும்?

நினைப்பதைவிடக் குறைவு. மூன்று தடவை கூட்ட வேண்டிய மிகச் சிறிய எண் 199. அது 19 ஆகி, 10 ஆகி, 1 ஆகும். நாலு தடவை வேண்டுமென்றால் 1 போட்டு அதன் பின்னால் 22 ஒன்பதுகளை வரிசையாக எழுத வேண்டும். அவ்வளவு பெரிய பணம் எந்த மண்டியிலும் புரளாது.

மூலம் 9 வந்தால் 9ஆல் வகுபடும் என்கிறார்களே, அது எப்படி? கூட்டலுக்கும் வகுத்தலுக்கும் என்ன உறவு?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் நல்ல கேள்வி. இதற்கு மட்டும் நின்று பதில் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளைக் கேட்கவே தோன்றாது.

உங்களிடம் 534 ரூபாய் இருக்கிறது. ஐந்து நூறு ரூபாய் நோட்டு, மூன்று பத்து ரூபாய் நோட்டு, நாலு ஒரு ரூபாய்க் காசு. பூண்டு உரித்த கூலியாக ஒன்பது பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நோட்டாகச் சில்லறை மாற்றிப் பிரியுங்கள். ஒரு நூறு ரூபாய் நோட்டை மாற்றினால் ஆளுக்கு 11 ரூபாய் போக 1 ரூபாய் மிச்சம். ஒரு பத்து ரூபாய் நோட்டு என்றால் ஆளுக்கு 1 ரூபாய், அதிலும் 1 ரூபாய் மிச்சம். ஆயிரம் ரூபாய் நோட்டு 2016இல் போய்ச் சேர்ந்துவிட்டது. இருந்திருந்தால் ஆளுக்கு 111, அப்போதும் மிச்சம் 1தான். நோட்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒன்பது பேருக்குப் பிரித்தால் மிஞ்சுவது ஒரு ரூபாய்.

அப்படியானால் ஐந்து நூறில் 5 ரூபாய் மிச்சம், மூன்று பத்தில் 3 ரூபாய் மிச்சம், காசு 4. மொத்தம் 5+3+4 = 12 ரூபாய் இன்னும் பிரிபடாமல் கையில் இருக்கிறது. அதில் ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் கடைசியில் நிற்பது 3. 534இன் மூலமும் 3தான். இலக்கங்களைக் கூட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு உண்மையில் 9ஆல் வகுத்து மீதியைத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். மூலம் 9 வந்தால், அந்த ஒன்பதையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாம். மீதி இல்லை. அதனால்தான் 9ஆல் வகுபடுகிறது.

இதைப் பழைய தமிழ் எண்களில் எழுதிப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். நம் பழைய முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. 534ஐ ௫௱௩௰௪ என்று எழுதினார்கள். ‘ஐந்து நூறு, மூன்று பத்து, நாலு’ என்று வாயால் சொல்வது அப்படியே எழுத்தில். அதில் ௱, ௰ குறிகளை அழித்துவிட்டு மிஞ்சுவதைக் கூட்டுங்கள். இலக்கக் கூட்டுத்தொகை கிடைத்துவிடும். ஒரு குறியை அழிப்பது என்றால் நூறையும் பத்தையும் 1 என்று வைத்துக்கொள்வது. ஒன்பதுக்கு முன்னால் நூறும் பத்தும் 1க்குச் சமம் என்பதால் அந்த அழிப்பு செல்லும். ஒரே ஒரு நூறு வந்தால் முன்னால் ௧ போடாமல் வெறும் ௱ மட்டும் எழுதுவார்கள். 187 என்பது ௱௮௰௭. அங்கே அந்த ௱ஐ அழிக்காமல் 1 என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இந்த விளக்கம் எனக்கு வந்தது ஒரு பழைய ஓலைப் பத்திரத்தின் நகலைப் படித்துக்கொண்டிருந்தபோது. வகுப்பில் எழுதிக் காட்டியதும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “அப்ப பூஜ்யமே இல்லாம சமாளிச்சிருக்காங்களா அக்கா?” என்று கேட்டு வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டான். ஆமாம், அந்த முறையில் பூஜ்யக் குறி தேவைப்படவில்லை.

பத்தாம் வகுப்பில் இதே சங்கதி ‘மட்டு எண்கணிதம்’ என்ற பெயரில் வரும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நோட்டுப் பிரிக்கிற கணக்குதான்.

3ஆல் வகுபடுவதற்கும் இதே விதியா?

ஆமாம். மூலம் 3, 6, 9 இவற்றில் எதுவாக இருந்தாலும் எண் 3ஆல் வகுபடும். ஒன்பது பேருக்குப் பிரித்ததையே மூன்று குடும்பமாக எண்ணிக்கொள்ளுங்கள்.

மூலம் 6 வந்தால் 6ஆல் வகுபடுமா?

வகுபடாது. இந்தத் தப்பைச் செய்யாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. 15இன் மூலம் 6, ஆனால் 15ஐ 6ஆல் வகுக்க முடியாது. 12இன் மூலம் 3, அது 6ஆல் வகுபடும். 6க்கு இரட்டைப்படையும் வேண்டும், மூலம் 3, 6, 9இல் ஒன்றாகவும் இருக்க வேண்டும். இரட்டைப்படையா என்று சொல்வது கடைசி இலக்கம். மூலத்துக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதேபோல் மூலம் 5 வந்தால் 5ஆல் வகுபடும் என்பதும், மூலம் 8 வந்தால் 8ஆல் வகுபடும் என்பதும் வெறும் ஆசை. மூலத்துக்குத் தெரிந்த எண்கள் இரண்டே இரண்டு: 3, 9.

3, 9 சரி. அடுத்தது 27தானே? இலக்கங்களின் கூட்டுத்தொகை 27ஆல் வகுபட்டால் எண்ணும் 27ஆல் வகுபடுமா?

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்ட ஆண்டு 1899. 1+8+9+9 = 27. ஆனால் 27 × 70 = 1890, மீதி 9. ஆகவே வகுபடாது. ஒரே உதாரணத்தில் விதி உடைந்துவிட்டது.

27க்கு வேறு வழி இருக்கிறது. 999 = 27 × 37. ஆயிரத்தை 27 பேருக்குப் பிரித்தால் மிச்சம் 1, 37 பேருக்குப் பிரித்தாலும் மிச்சம் 1. எனவே வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டிக் கூட்டினால் 27, 37 இரண்டுக்கும் சோதனை தயார். 2133ஐ 2 | 133 என்று வெட்டினால் 2+133 = 135, அது 27 × 5. அதனால் 2133ம் 27ஆல் வகுபடும்: 27 × 79. கொடைக்கானலின் உயரம் 27ஆல் வகுபடுகிறது, அங்கே இருக்கும் ஆய்வுக்கூடத்தின் ஆண்டு வகுபடவில்லை. இதில் அர்த்தம் எதுவும் தேடாதீர்கள். அர்த்தம் தேடுகிறவர்களுக்குக் கீழே தனிக் கேள்வி வைத்திருக்கிறேன்.

நீளமான எண்ணுக்கு மூலத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வழி உண்டா?

ஒன்பதைத் தள்ளிக்கொண்டே போங்கள். 57496இல் 9ஐ அடித்துவிடுங்கள். 5ம் 4ம் சேர்ந்தால் 9, அதையும் அடித்துவிடுங்கள். மிஞ்சுவது 7, 6. கூட்டினால் 13, மூலம் 4. எல்லாம் அடிபட்டுப் போய் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் மூலம் 9. மீதி 0 என்பதும் மூலம் 9 என்பதும் ஒன்றேதான். மூலம் 0 என்று வருவது பூஜ்யத்துக்கு மட்டும். அப்பா பென்சிலைக்கூட எடுக்க மாட்டார், உதடு மட்டும் அசையும்.

மண்டிச் சிட்டையைச் சரிபார்க்க இது உதவுமா?

உதவும். இதன் உண்மையான பிழைப்பே அங்கேதான்.

48 கிலோ பூண்டு, கிலோ 187 ரூபாய். சிட்டையில் 8976 என்று போட்டிருக்கிறார்கள். 48இன் மூலம் 3. 187இன் மூலம் 7. 3 × 7 = 21, மூலம் 3. விடை 8976க்கும் மூலம் 3. ஒத்துப்போகிறது. இதே இடத்தில் 8876 என்று இருந்தால் மூலம் 2 வரும். பெருக்கிப் பார்க்காமலேயே கையை நீட்டி “இது தப்பு” என்று சொல்லிவிடலாம்.

கூட்டலுக்கும் அப்படியே. ஐந்து மூட்டைகளின் எடை 52, 47, 55, 49, 38. மூலங்கள் 7, 2, 1, 4, 2. அவற்றைக் கூட்டினால் 16, மூலம் 7. மொத்த எடை 241 என்று எழுதியிருந்தால் அதற்கும் மூலம் 7. சரி.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இந்தச் சோதனை ‘தப்பு’ என்றால் தப்புதான், பேச்சே இல்லை. ‘சரி’ என்றால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கண்மூடித்தனமாக எழுதிய ஒரு விடையும் ஒன்பதில் ஒரு தடவை தப்பித்துப் போய்விடும். பூஜ்யத்துக்குப் பதில் 9 எழுதினாலும் கண்டுபிடிக்காது. கடைசியில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் கண்டுபிடிக்காது. மேல்மலையில் ஒரு பெரியவர் ஐந்து வருஷம் முன்பு இந்த வித்தையை என்னிடம் கற்றுக்கொண்டு போனார். ஒரு நாள் 8976க்குப் பதில் 8796 என்று எழுதிய சிட்டையைச் ‘சரியாயிருக்கு’ என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். 180 ரூபாய் போச்சு. என் மேல்தான் கோபம். நியாயமான கோபம், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

இலக்கம் முன்பின் மாறினால் கண்டுபிடிக்க முடியாதா?

மூலத்தை வைத்து முடியாது. 8976, 8796 இரண்டிலும் அதே நாலு இலக்கங்கள்தான், இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. கூட்டலுக்கு வரிசை தெரியாது.

ஆனால் இதே குறை கணக்கெழுதுகிறவர்களுக்கு வரமாகிவிட்டது. இரண்டு எண்களுக்கும் ஒரே மூலம் என்றால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 9ஆல் வகுபட்டே தீர வேண்டும். 8976 − 8796 = 180, அது 9 × 20. அதனால் நாள்வழிக்கும் (அன்றாடம் எழுதும் கணக்கு) பேரேட்டுக்கும் வித்தியாசம் வரும்போது, அந்த வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் முதல் சந்தேகம் ‘எங்கேயோ இலக்கம் புரண்டிருக்கிறது’ என்பதுதான். அப்பா 270 என்ற வித்தியாசத்தைப் பார்த்தால் உடனே சொல்லிவிடுவார்: “நூறும் பத்தும் இடம் மாறியிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல மூணு வித்தியாசம். 14க்கு 41 அப்புறம் பாக்கலாம், முதல்ல 47க்கு 74 தேடு.” எப்படி என்றால், நூறாம் இடத்து இலக்கமும் பத்தாம் இடத்து இலக்கமும் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 90இன் மடங்கு. 270 = 90 × 3. ஆகவே அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடைவெளி 3: 1, 4ஆக இருக்கலாம், 4, 7ஆக இருக்கலாம், 2, 5ஆகவும் இருக்கலாம். 1740ஐ 1470 என்று எழுதியிருப்பார்கள். வித்தியாசம் 27 என்றால் பத்தும் ஒன்றும் மாறியிருக்கிறது. 2700 என்றால் ஆயிரமும் நூறும்.

அவர் ஏன் 47ஐ முதலில் தேடச் சொன்னார் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். கணக்கில் காரணம் கிடையாது. அந்த மண்டியில் சிட்டை எழுதிய பையனுக்கு நாலும் ஏழும் அடிக்கடி புரளும், அவ்வளவுதான்.

7ஆல் வகுபடுமா என்று இப்படிக் கூட்டிப் பார்க்க முடியாதா?

அந்த நோட்டுகளை ஏழு பேருக்குப் பிரித்துப் பாருங்கள். பத்து ரூபாயில் 3 மிச்சம். நூறில் 2 மிச்சம். ஆயிரத்தில் 6, பத்தாயிரத்தில் 4, லட்சத்தில் 5. பத்து லட்சம் போனால்தான் மறுபடி 1. ஒவ்வொரு நோட்டும் ஒவ்வொரு மாதிரி மிஞ்சுகிறது. எனவே இலக்கங்களை வெறுமனே கூட்டினால் பயனில்லை. வலமிருந்து 1, 3, 2, 6, 4, 5 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். 2133க்கு 3×1 + 3×3 + 1×2 + 2×6 = 26. 26ஐ 7ஆல் வகுத்தால் மீதி 5. 2133ஐ 7ஆல் வகுத்தாலும் மீதி 5. சரியாகத்தான் வருகிறது, ஆனால் இதற்கு நேராக வகுத்துவிட்டுப் போகலாம்.

9க்கு இந்தச் சலுகை கிடைத்ததற்குக் காரணம் நாம் பத்துப் பத்தாக எண்ணுவதுதான். பத்துக்கு ஒன்று குறைவு 9. நமக்கு எட்டு விரல் இருந்து எட்டெட்டாக எண்ணியிருந்தால் இந்த மரியாதை முழுவதும் 7க்குப் போயிருக்கும்.

11க்கு?

11க்கு அழகான வழி இருக்கிறது. பத்து என்பது 11க்கு ஒன்று குறைவு. பத்து ரூபாயைப் பதினொரு பேருக்குப் பிரிக்கப் போனால் ஒரு ரூபாய் கடன். நூறில் 1 மிச்சம், ஆயிரத்தில் 1 கடன். மிச்சம், கடன், மிச்சம், கடன். எனவே வலமிருந்து இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

187: 7 − 8 + 1 = 0. ஆகவே 187 = 11 × 17. அப்படியானால் 187 ரூபாய் விலையில் எத்தனை கிலோ வாங்கினாலும் தொகை 11ஆல் வகுபட்டாக வேண்டும். 8976: 6 − 7 + 9 − 8 = 0. சரி. அந்தப் பெரியவர் வாங்கிவந்த 8796: 6 − 9 + 7 − 8 = −4. மாட்டிக்கொண்டது! பக்கத்துப் பக்கத்து இலக்கம் புரண்டதை 9 கண்டுபிடிக்காது, 11 கண்டுபிடிக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். இப்போது அவர் ஒன்பதையும் பதினொன்றையும் சேர்த்தே போட்டுப் பார்க்கிறார்.

வண்டிக்கு நம்பர் வாங்கும்போது கூட்டுத்தொகை 9 வரவேண்டும், 8 வரக்கூடாது என்கிறார்களே?

நம்புகிறவர்களிடம் சண்டை போட எனக்கு நேரமில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். 0001 முதல் 9999 வரை உள்ள எண்களில் கூட்டிக் கூட்டி 9 வருவது சரியாக 1111. 8 வருவதும் 1111தான். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாவற்றுக்கும் ஒரே பங்கு. திண்டுக்கல் பதிவில் ‘த.நா. 57’ வண்டி ஒன்று இந்த மலைச்சாலையில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பதற்கும் அந்த எண்ணை 9ஆல் வகுத்த மீதிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கொடைக்கானலின் உயரம் மீட்டரில் 2133, மூலம் 9. அதையே அடிக்கணக்கில் ஏழாயிரம் என்று சொல்கிறவர்கள் உண்டு, மூலம் 7. ஊர் அதே இடத்தில்தான் இருக்கிறது. அளவுகோல் மாறியதும் ‘ராசி’ மாறிவிட்டது.

பஸ்ஸில் நீங்கள் செய்யும் வித்தை என்ன?

வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது வளைவுகளில் பிள்ளைகளுக்குக் குமட்டும். கவனத்தைத் திருப்ப இதைத்தான் செய்வேன். மனதுக்குள் ஒரு நாலு இலக்க எண் நினை. இலக்கங்களைக் கலைத்து வேறு எண்ணாக்கு. பெரியதிலிருந்து சிறியதைக் கழி. விடையில் ஓர் இலக்கத்தை மறைத்துக்கொண்டு மற்றதைச் சொல். பூஜ்யத்தை மட்டும் மறைக்காதே.

7352 நினைத்தவன் 2537 என்று கலைத்தால் வித்தியாசம் 4815. அவன் 8ஐ மறைத்து “4, 1, 5” என்பான். நான் கூட்டினால் 10, மூலம் 1. 9க்கு எவ்வளவு குறைகிறது? 8. “எட்டு!” கலைத்தாலும் மூலம் மாறாது, அதனால் வித்தியாசத்தின் மூலம் 9ஆகத்தான் இருக்கும். அவன் சொன்ன இலக்கங்கள் ஏற்கெனவே 9ஆக வந்தால் மறைத்தது 9. பூஜ்யத்தை மறைக்கக் கூடாது என்று சொன்னது இதற்குத்தான், இல்லாவிட்டால் 0வா 9ஆ என்று தெரியாமல் நான் முழிக்க வேண்டியிருக்கும்.

வர்க்க எண்ணா என்று மூலத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

இல்லை என்று சொல்ல முடியும். வர்க்க எண்ணின் மூலம் 1, 4, 7, 9 தவிர வேறு எதுவும் வராது. கன எண்ணுக்கு 1, 8, 9 மட்டும். 3க்கு மேற்பட்ட பகா எண்ணுக்கு 3, 6, 9 வரவே வராது, காரணம் மேலே இருக்கிறது. மூலம் 7 வந்துவிட்டது என்பதற்காக அது வர்க்க எண் ஆகிவிடாது, 7ஐயே பாருங்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. ஒன்பதைத் தள்ளிச் சரிபார்ப்பதைப் பாரசீக அறிஞர் இப்னு சீனா (980–1037) ‘இந்திய முறை’ என்றே எழுதினார். இத்தாலியில் ஃபிபொனாச்சி 1202இல் எழுதிய கணக்குப் புத்தகத்தில் விடைகளை இப்படித்தான் சரிபார்க்கிறார்.

நம் காலத்தில் இலக்கங்களோடு விளையாடியவர் என்றால் எனக்குப் பிடித்தவர் கப்ரேகர் (1905–1986). மகாராஷ்டிராவில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர். நாலு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழித்து, வந்த விடைக்கும் அதையே திரும்பத் திரும்பச் செய்தால் கடைசியில் 6174இல் போய் நிற்கும் என்று காட்டியவர். (நாலு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது.) அந்த 6174இன் மூலம் என்ன? 9. பஸ் வித்தையைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. தன் இலக்கக் கூட்டுத்தொகையால் தானே வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத்’ எண்கள் என்று பெயர் வைத்தவரும் அவரே. ராமானுஜன் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729 அப்படிப்பட்டது: 1+7+2+9 = 19, 19 × 91 = 1729. 19ஐத் திருப்பிப் போட்டால் 91.

குறிஞ்சி பூக்கும் ஆண்டுகளுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது. அவளே பாதி செய்துகொண்டும் வந்திருந்தாள். இங்கே குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை: 1994, 2006, 2018, அடுத்து 2030. மூலங்கள் 5, 8, 2, 5. அதற்குப் பிறகு 2042க்கு 8, 2054க்கு 2. இப்படியே மூன்றும் சுற்றிச் சுற்றி வரும், ஏனென்றால் 12இன் மூலம் 3. ஒவ்வொரு தடவையும் மூலம் மூன்று படி ஏறுகிறது, 9ஐத் தாண்டினால் மறுபடி கீழிருந்து தொடங்குகிறது.

அவள் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு அதுவரை தோன்றியதில்லை: “அக்கா, இதுல 3, 6, 9 வரவே வராது. அப்ப குறிஞ்சி வருஷம் மூணால வகுபடவே வகுபடாது.” செடி தன் 12 வருஷக் கணக்கைத் தவறவிடாத வரை அவள் சொல்வது சரி.

ஆதார் எண்ணையும் இப்படிச் சரிபார்க்கலாமா?

முடியாது. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், ஆனால் அது வெர்ஹோஃப் முறையில் வருவது. ஓர் இலக்கம் தப்பினாலும், பக்கத்து இலக்கங்கள் இரண்டு புரண்டாலும் அது கண்டுபிடித்துவிடும். வங்கி அட்டையில் இருப்பது லூன் முறை. அதில் ஒன்றுவிட்டு ஒன்று இலக்கத்தை இரட்டிப்பாக்கி, இரண்டு இலக்கம் வந்தால் அதைக் கூட்டி ஓரிலக்கமாக்குவார்கள்: 7 இரட்டித்தால் 14, அது 5. நம் மூலம் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. லூன் முறையிலும் ஓர் ஓட்டை உண்டு, 09ம் 90ம் இடம் மாறினால் அதற்குத் தெரியாது.

எடையில் புள்ளி வந்தால் என்ன செய்வது?

புள்ளியை மறந்துவிட்டு இலக்கங்களைக் கூட்டுங்கள். 12.450 கிலோ என்பது 12450 கிராம், மூலம் 3. கிலோ 187 ரூபாய் என்றால் தொகை 2328.15, மூலம் 3. மேலே பார்த்தபடி 3 × 7க்கும் 3. ஒத்துப்போகிறது. பைசாவை முழு ரூபாயாக்கி எழுதியிருந்தால் சோதனை செல்லாது, முழு ரூபாயாக்குவதற்கு முன்னால் இருந்த தொகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். விலை 180 போல 9ஆல் வகுபடும் எண்ணாக இருந்தால் இந்தச் சோதனை எடையைப் பற்றி வாயே திறக்காது. 9ஐ எதனால் பெருக்கினாலும் மூலம் 9தான். சிட்டையில் 12.450 என்று எழுதிவிட்டு, தொகையை 12.350க்குப் போட்டு 2223 ரூபாய் என்று நீட்டினால், 2223இன் மூலம் 9. சரியான தொகையான 2241க்கும் 9. பதினெட்டு ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். விலை 187 என்றால் அதே தில்லுமுல்லு மாட்டிக்கொள்ளும்: 12.350க்கு 2309.45 வரும், மூலம் 5, வரவேண்டியதோ 3. எனவே 9, 18, 27, 90, 180, 270 போன்ற விலைகளுக்கு 9ஐ விட்டுவிட்டு 11ஐப் போட்டுப் பாருங்கள்.